கேட்கும் உரிமை

மக்களாட்சியின் மாண்பைப் பேசுவோர் பேச்சுரிமையைப் பெரிதும் போற்றுவர். அது தக்கதே. ஆயினும், பேசுவோர் சிலராகவும் கேட்போர் பலராகவும் இருப்பது உலகியல்பு. நாட்டு நடப்பை அறிய விரும்பும் தொழிலாளியும் இல்லத்தரசியும் மாணவனும் நாள்தோறும் பயன்கொள்வது கேட்கும் உரிமையையே. சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், 'கேள்வி' என்னும் தனி அதிகாரம் ஒன்றையும் வகுத்தார். அச்சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு என்பதை மாணவர் அறிவர். செவியால் கேட்டறிதல் ஒரு பொருள்; ஐயுற்று வினவுதல் மற்றொரு பொருள். கேட்டறிய வழியற்றவனுக்கு வினவவும் வழியில்லை.

இவ்வுரிமை பறிபோகுங்கால் நேர்வது யாது? மக்களின் நன்மைக்காகவே இதனைக் கட்டுப்படுத்துகிறோம் என்று ஆள்வோர் கூறின், அதனை எந்த அளவிற்கு ஏற்கலாம்? இவ்விரு வினாக்களுக்கும் விடைதேட, நம் சாங்கியின் வரலாற்றிலிருந்தே தொடங்கலாம்.

சாங்கி என்றதும் 1981இல் திறக்கப்பெற்ற விமான நிலையம் இன்று நம் நினைவுக்கு வருகிறது. முந்தைய தலைமுறையினருக்கோ அப்பெயர் சிறைச்சாலையையே நினைவூட்டியது. தம் ஆட்சிக்கு உட்பட்ட மக்களுள் குற்றவாளிகளை அடைப்பதற்கென ஆங்கிலேயர் 1936இல் கட்டி முடித்த சிறை அது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபின், ஐரோப்பியக் குடிமக்கள் அச்சிறையில் அடைக்கப்பட்டனர். போர்க்கைதிகள் அருகிலிருந்த படைமுகாம்களில் வைக்கப்பட்டனர். கட்டியவர்களே கட்டடத்தினுள் அடைபட்டார்கள்.

அச்சிறையில் இருந்தோர் சிலர் வானொலிப் பெட்டிகளை மறைத்து வைத்திருந்தனர். வெளியுலகில் போர் எவ்வாறு நடக்கின்றது என்பதை அறிந்துகொள்வதே அவர்களின் நோக்கம். 1943 செப்டம்பர் இறுதியில், ஆஸ்திரேலியாவிலிருந்து மறைவாக வந்த நேசநாட்டு வீரர்கள் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்கள் சிலவற்றை வெடிவைத்துத் தகர்த்தனர். சிறையிலிருந்தே இதற்குச் செய்தி அனுப்பப்பட்டிருக்க வேண்டும் என்று ஐயுற்ற ஜப்பானிய இராணுவக் காவற்படையினர், அக்டோபர் 10ஆம் நாள் சிறையைச் சோதனையிட்டனர். 57 பேர் கொடிய வதைக்கு ஆளாயினர். அவர்களுள் 15 பேர் உயிர் நீத்தனர். சிறைப்பட்டோர்க்கு மருந்தும் பணமும் செய்தியும் கிடைக்க உதவிய எலிசபெத் சோய் அம்மையார் ஏறத்தாழ 200 நாள் காவலில் துன்புற்றார். ஆனால், கப்பல் தகர்ப்புக்கும் அச்சிறைக்கும் தொடர்பே இல்லை. அவ்வானொலிகள் கேட்பதற்குப் பயன்பட்டவை.

கேட்டதற்கு இத்துணைக் கொடுமையா என்று நாம் வியக்கிறோம். அக்கொடுமையின் காரணம் விளங்க வேண்டுமாயின், கேளாமையால் நேர்ந்ததையும் காண வேண்டும். 1943 ஏப்ரலில், சாங்கியிலிருந்த போர்க்கைதிகளுள் ஏறத்தாழ 7,000 பேர் வடக்கே அனுப்பப்பட்டனர். உணவும் நலவாழ்வும் சிறந்திருக்கும் இடத்திற்குச் செல்வதாகக் கூறப்பட்டதால், நோயாளிகளும் உடன் சென்றனர். அவர்களைக் கொண்டுசென்ற இடம் சயாம்-பர்மா இருப்புப்பாதை. அவர்களுள் 3,000 பேருக்கு மேல் மாண்டனர்.

அதே பாதையில் நம் இனத்தவர் பட்ட துயரோ இதனினும் பெரிது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். நல்ல கூலி உண்டு, சில மாதங்களில் திரும்பலாம் என்ற சொல்லை நம்பி முதலில் சென்றோர் பலர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் காலராவும் பசியும் அடியும் அவர்களைக் கொள்ளைகொண்டன. அங்கு நடப்பதை எடுத்துரைக்கும் உரிமை எந்த நாளேட்டிற்கும் இல்லை. உண்மை மெல்லக் கசிந்து தோட்டங்களை எட்டியபின் விரும்பிச் செல்வோர் குறைந்தனர். அதன்பின் ஆட்களை வலிந்து பிடித்துச் சென்றார்கள். இதிலிருந்து நாம் அறிவது ஒன்றுண்டு. செவிகள் அடைபட்டிருக்கும்வரை அடக்குமுறைக்குப் பொய்யே போதும். செவிகள் திறந்தால் அது தன் கையிலுள்ள கோலை வெளியே காட்டியாக வேண்டும். ஆகவேதான் அது செவிகளை அஞ்சுகிறது.

அக்காலத்தில் நேதாஜியின் வீரவுரைகள் சிங்கப்பூர் வானொலி வழியே தமிழர் நெஞ்சங்களைக் கிளர்ந்தெழச் செய்தன. விடுதலை வேட்கை உண்மையானது; அதற்காகத் தமிழர் செய்த ஈகமும் உண்மையானது. ஆயினும், ஜப்பானியர் கட்டுப்பாட்டிலிருந்த அவ்வானொலியில் சயாம் காட்டில் மடிந்த தமிழருக்கு இடமில்லை. நாம் விரும்பும் குரல் நமக்குக் கேட்கிறது என்பதனாலேயே கேட்கும் உரிமை நம்மிடம் இருப்பதாகக் கருதலாகாது என்பதற்கு இஃதொரு சான்று.

இனி, நம் காலத்திற்கு வருவோம். சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து இயங்கும் வி-டெம் என்னும் ஆய்வு நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மக்களாட்சி நாடுகள் 88 என்றும், தன்னாட்சியர் ஆளும் நாடுகள் 91 என்றும் கணக்கிட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பின்னவை முன்னவற்றை விஞ்சின. இம்மாற்றம் பெரும்பாலும் பீரங்கி வண்டிகளால் நேர்வதில்லை. தேர்தல் நடந்துகொண்டே இருக்க, நாளேடுகள் வந்துகொண்டே இருக்க, மக்கள் அறியக்கூடியவை மட்டும் சிறிது சிறிதாகக் குறைகின்றன.

இதற்குரிய கருவிகளுள் ஒன்று இணையத்தைத் துண்டித்தல். 2024இல் 54 நாடுகளில் 296 முறை இணையம் முடக்கப்பட்டதென 'ஆக்சஸ் நவ்' என்னும் அமைப்பு பதிவு செய்தது. 2021 பிப்ரவரி 1ஆம் நாள் மியன்மாரில் ஆட்சியைக் கைப்பற்றிய படைத்தலைவர்கள் அன்றே தொலைத்தொடர்பைத் துண்டித்தனர். மக்களாட்சி நாடாகிய இந்தியாவிலும், 2019 ஆகஸ்டில் காஷ்மீரின் தொலைபேசியும் இணையமும் நிறுத்தப்பட்டன. விரைவான கைப்பேசி இணையம் அங்கே முழுமையாக மீள 2021 பிப்ரவரி வரை, அதாவது பதினெட்டு மாதங்கள், காத்திருக்க நேர்ந்தது. அத்தகைய ஆணைகளுக்கு அடிப்படையாய் நின்றது 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் என்பது கருதத்தக்கது. வெள்ளையர் தந்திக்கம்பிக்கு இட்ட பூட்டு, விடுதலை பெற்ற நாட்டின் கைப்பேசிக்கும் பொருந்திற்று. காலவரையின்றி இணையத்தை முடக்குதல் ஏற்கத்தக்கதன்று என இந்திய உச்சநீதிமன்றம் 2020 ஜனவரி 10ஆம் நாள் தீர்ப்பளித்தது.

இங்கே மறுதரப்பையும் நாம் நேர்மையாகக் கேட்டல் வேண்டும். கேட்கும் உரிமையைப் போற்றும் கட்டுரை மறுப்பைக் கேளாது செல்லுதல் முறையன்று. பொய்யும் உயிரைக் குடிக்கும் அன்றோ? ஓர் இனத்தவர் மீது பரப்பப்படும் வதந்தி ஒரே இரவில் ஊரை எரிக்கும். 1964இல் இனக்கலவரத்தைக் கண்ட சிங்கப்பூர் இதனை நூல்களில் படித்தா அறிய வேண்டும்? எனவே, பொய்யைத் தடுக்கும் கடமை அரசுக்கு உண்டு என்பதை மறுத்தற்கில்லை.

கடமை உண்டெனின், அதனை ஆற்றும் முறை யாது என்பதே அடுத்த வினா. சிங்கப்பூரில் 2019இல் இயற்றப்பெற்ற இணையப் பொய்ச்செய்திக்கு எதிரான சட்டத்தின்கீழ், ஒரு செய்தி பொய்யென முதலில் முடிவு செய்பவர் அமைச்சர். பெரும்பாலும் பிறப்பிக்கப்படும் திருத்த ஆணை, மூலப்பதிவை நீக்காமல் அதனுடன் அரசின் விளக்கத்தையும் சேர்க்கப் பணிக்கிறது. உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யவும் வழியுண்டு. இலங்கையிலோ, 2024இல் நிறைவேறிய இணையப் பாதுகாப்புச் சட்டம் ஐவர் அடங்கிய ஆணையம் ஒன்றிற்கு இத்தகைய அதிகாரத்தை வழங்கியது. இச்சட்டங்களை எடைபோட மூன்று வினாக்கள் நமக்குப் போதும். மெய்யையும் பொய்யையும் பிரிப்பவர், அச்செய்தியால் தாமே பாதிக்கப்படுபவரா? அவருடைய முடிவை வேறொருவர் முன் வினவ முடியுமா? மறுப்பையும் மறுக்கப்பட்டதையும் அருகருகே வைத்து நாமே ஒப்பிட இயலுமா? மூன்றாவது வினாவிற்கு 'ஆம்' எனும் சட்டம் நம் செவியை மூடுவதில்லை. முதல் வினாவிற்கு 'ஆம்' எனும் சட்டமோ, ஆள்பவர் நல்லவராயினும் நம் விழிப்பை வேண்டுவது. வழக்காடுபவரே நடுவராகவும் அமர்தல் நம் முன்னோர் கண்ட அறமன்று.

தம் நாட்டில் கேட்க முடியாததைப் பிற நாட்டின் வானொலியில் கேட்டுக்கொள்ளலாமே எனச் சிலர் கூறுவர். தமிழர் அதனையும் கண்டவர்களே. 1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்கலங்களுக்கும் தடை இருந்தபோது, மிதிவண்டியைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுழற்றி, அதன் டைனமோ தரும் மின்சாரத்தால் வானொலி கேட்டனர் நம் மக்கள். 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றது. சிங்கப்பூர் வீழ்ந்த அதே 1942 பிப்ரவரியில் ஒலிக்கத் தொடங்கிய 'அமெரிக்காவின் குரல்', 2025 மார்ச்சில் அதிபரின் ஆணையொன்றால் தன் பணியாளருள் பெரும்பாலோர் விடுப்பில் வைக்கப்பட, பல மொழிகளில் மௌனமாயிற்று. தம் நலம் கருதி வல்லரசுகள் அளித்த குரல், தம் நலம் மாறியதும் அடங்கியது. வெளியுறவுக் கொள்கை அறக்கட்டளை அன்று. இரவல் செவி நெடுநாள் உதவாது. தத்தம் நாட்டிலேயே கேட்கும் வழிகளைக் காத்துக்கொள்ளுதல் வேண்டும்.

இறுதியாக, மக்களின் செவியை அடைப்போர் தம் செவியையும் அடைத்துக்கொள்கின்றனர். 1975 ஜூன் 25ஆம் நாள் இந்தியாவில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு, நாளேடுகள் தணிக்கைக்கு உள்ளாயின. தணிக்கை செய்யப்பட்ட ஏடுகளில் மக்களின் மனக்கொதிப்பைக் காண இயலாதன்றோ? 1977 மார்ச்சில் நடந்த தேர்தலில் இந்திரா காந்தி அம்மையார் தம் தொகுதியிலேயே தோல்வியுற்றார். நாட்டின் மனநிலையை அவர் அறியாது போனதற்குத் தணிக்கையும் ஒரு காரணம் எனக் கருதுவோர் பலர். ஆராயாமல் கோவலனைக் கொல்வித்த பாண்டியனும் கண்ணகி வாயிலில் வந்து நின்றபோது, அவளை உள்ளே வரவிடச் சொன்னான். அவள் சொல்லைக் கேட்டான். தன் பிழையை உணர்ந்தான். காவலன் கதவை அடைத்திருப்பின் அவன் உயிர் பிழைத்திருக்கலாம், அரசநீதி பிழைத்திராது.

நம் பள்ளிகளில் பிள்ளைகள் நாள்தோறும் எடுக்கும் உறுதிமொழி, நீதியையும் சமத்துவத்தையும் அடிப்படையாகக் கொண்ட மக்களாட்சிச் சமுதாயத்தைப் பற்றிப் பேசுகிறது. அதனை 1966இல் வரைந்தவர் வட்டுக்கோட்டையில் பிறந்து, செய்தியாளராகப் பணியாற்றி, பின்னர் இந்நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சரான எஸ். இராஜரத்தினம். அவ்வுறுதிமொழியை ஓதிவிட்டு வகுப்பில் அமரும் மாணவன், "ஐயா, இஃது உண்மை என்று எவ்வாறு அறிவது?" என வினவுவானாயின், ஆசிரியர் அவனை அமர்த்திவிடலாகாது. இருதரப்புச் சான்றுகளையும் அவன்முன் வைத்து, அவனே ஆய்ந்து விடை காணும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். பாட்டாளியாயினும் படித்தவராயினும், உண்மை எட்டாத காரணத்தால் இனியொருவர் ஏறத்தகாத வண்டியில் ஏறாதிருக்க நாம் செய்யக்கூடிய பணி அதுவே.