சமைத்தவருக்கும் ஒரு தட்டு

சூடான சோறு, மிளகு ரசம், தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம். வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் அதற்கு ஈடான விருந்து கிடையாது என்று சொல்லாதவர்கள் குறைவு. வெளியூரில் வேலை பார்ப்பவர்களிடம் எந்தச் சாப்பாட்டை நினைத்து ஏங்குகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தால், கல்யாணப் பந்தியைச் சொல்கிறவர் சிலர்தான். முந்தின நாள் மீன்குழம்பைச் சுண்டவைத்துப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டதையும், மொட்டைமாடியில் பாட்டி உருட்டி உருட்டிக் கையில் வைத்த நிலாச்சோற்றையும்தான் பலரும் சொல்வார்கள். அந்த ஏக்கத்தில் பொய் இல்லை. ஆனால் அதற்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. எளிய சாப்பாட்டின் இன்பத்தை அனுபவித்தவருக்கு அதனால் ஏதாவது கடமை உண்டா? மனமார ரசித்துவிட்டால் போதுமா?

குறுந்தொகையின் 167ஆம் பாட்டு கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய இளம்பெண், முற்றிய தயிரைத் தன் விரல்களால் பிசைகிறாள். அந்த விரல்களைத் துடைத்த ஆடையை மாற்றக்கூட நேரமில்லாமல், கண்ணில் தாளிப்புப் புகை ஏற, தானே துழாவிப் புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகத்தில் மெல்லிய மகிழ்ச்சி படர்கிறது. மகளின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த செவிலி, பெற்ற தாயிடம் சொல்லும் செய்தி இவ்வளவுதான். வீட்டுச் சாப்பாட்டைப் பற்றித் தமிழில் இதைவிட நுட்பமான காட்சி கிடைப்பது அரிது. புலவர் குழம்பின் ருசியை மட்டும் பாடி நிறுத்தியிருக்கலாம். விரலையும் கறைபட்ட ஆடையையும் புகை ஏறிய கண்ணையும் சேர்த்தே பாடினார். உழைப்பு கண்ணில் படும்போதுதான் பாராட்டுக்கு எடை கூடுகிறது என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். அவள் எப்போது சாப்பிட்டாள் என்பது பாட்டில் இல்லை. அது அந்தப் பாட்டின் வேலையும் அல்ல. நம் வீடுகளில் அதைக் கேட்காமலே விட்டுவிடுவதுதான் தவறு.

எளிய சாப்பாடு என்கிறோம். தட்டில் இருக்கும்போதுதான் அது எளிது. கீரைக்கட்டைப் பிரித்து ஆய்ந்து, மண் போக அலசி, வேகவைத்து, மத்தால் கடைந்து இறக்குவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். மறுநாள் தோசைக்கு இன்றைக்கே அரிசியும் உளுந்தும் ஊற வேண்டும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டு முழுவதும் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. 6 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 81.2 விழுக்காட்டினர் நாள்தோறும் ஊதியமில்லாத வீட்டு வேலை செய்தார்கள், ஆண்களில் 26.1 விழுக்காட்டினர். செய்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், பெண்கள் செலவிட்ட நேரம் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். வாழ்க்கையின் சின்னச் சின்ன இன்பங்களை நின்று ரசியுங்கள் என்று அறிவுரை சொல்வது நல்லதுதான். நின்று ரசிக்க நேரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அன்பாகச் செய்வதை நிமிடக் கணக்கில் அளக்கலாமா, எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுவதில்தான் எனக்கு நிம்மதி என்று எத்தனை அம்மாக்கள் சொல்கிறார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அம்மாக்கள் சொல்வது உண்மை. பிள்ளை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்து நிற்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. அதை அறியாமை என்று ஒதுக்குவது அவர்களை அவமதிப்பதாகும். ஆனால் விருப்பம் என்பது மாற்றிச் செய்யவும் வழி இருக்கும்போதுதான் விருப்பம். ஒருநாள் அவர் முதலில் உட்கார்ந்தால் வீடு அதை இயல்பாக எடுத்துக்கொள்ளுமா, இல்லை யாராவது முகம் சுளிப்பார்களா? சுளிப்பார்கள் என்றால், அவர் கடைசியில் சாப்பிடுவதற்கு அன்பு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

கடைசியில் உட்காருகிறவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது அடிப்பாத்திரம். மீனில் நடுத்துண்டு போயிருக்கும், பொரியல் தீர்ந்திருக்கும், குழம்பில் காய் இருக்காது. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதே வயது ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கு. மாதவிடாய், பேறுகாலம் எனக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் சாப்பாட்டு வரிசையின் தலையில் ஏற்ற முடியாது. ஆனாலும் உடலுக்கு அதிக இரும்புச்சத்து தேவைப்படுகிறவருக்கே மிச்சம் மீதியை விட்டுவைக்கும் வழக்கத்தை அன்பு என்று சொல்லி மூடிவிடக் கூடாது.

எளிமையைப் புகழும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. விரும்பி ஏற்ற எளிமை வேறு, வேறு வழியில்லாத எளிமை வேறு. பழைய சோற்றை மண்சட்டியில் ஊற்றிச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்து இன்று உணவகங்களில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். விடியுமுன் வயலுக்குப் போனவர்களுக்கு அது மட்டுமே காலை உணவாக இருந்தது. இப்போதும் பெற்றோர் இருவரும் இருட்டோடு வேலைக்குக் கிளம்பும் வீடுகளில் காலையில் அடுப்பு மூட்ட நேரமிருப்பதில்லை. வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதே பெருமை என்று பேசுகிறவர்கள், அதற்கு நேரமில்லாத வீடுகளைக் குறைவாக எண்ணாமல் இருக்க வேண்டும். பள்ளியில் பரிமாறப்படும் உப்புமாவும் ஒருவரின் கை பட்டு வந்ததுதான்.

அப்படியானால் எளிய சாப்பாட்டின் சிறப்பு எதில் இருக்கிறது? தோசை சுடும் இரவை நினைத்துப் பார்க்கலாம். தோசை கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வந்தால்தான் ருசி. அதனால் ஒருவர் அடுப்படியிலேயே நிற்க, மற்றவர்கள் கூடத்தில் உட்கார்ந்து அடுத்தது எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். பூரிக்கும் சப்பாத்திக்கும் இதே கதை. ரசமும் சோறும் அப்படியல்ல. வடித்து, தாளித்து, கூடத்தின் நடுவே பாத்திரங்களை இறக்கி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. சமைத்தவரும் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடலாம். ஒரு குழம்பு, ஒரு காய், மோர் என்று நிறுத்திக்கொள்ளும் வீட்டில் ஒருவர் கூடுதலாக உட்கார இடம் கிடைக்கிறது. எளிய சாப்பாட்டை உயர்ந்ததென்று சொல்ல இதைவிட நல்ல காரணம் தெரியவில்லை. செலவு குறைவதும் வயிற்றுக்கு இதமாக இருப்பதும் இதற்கு அடுத்தபடிதான்.

தோசையே கூடாது என்பது இதன் பொருளல்ல. கல்லருகே நிற்பவர் மாறிக்கொண்டே இருக்கட்டும். முதல் ஆறு தோசையை அம்மா வார்த்தால் அடுத்த ஆறை அப்பா வார்க்கலாம். வடிவம் கோணலாக வந்தாலும் வயிறு நிறையும். பத்து வயதுப் பிள்ளைக்குத் துவையல் அரைக்கவும் அப்பளம் சுடவும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க முடியும். தானே வெங்காயம் உரித்துக் கண் எரிந்த பிள்ளை, அடுத்த முறை தட்டைத் தள்ளிவிட்டு எழுமுன் ஒரு கணமாவது யோசிக்கும். ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற பேதம் இதில் வேண்டாம். சாப்பிடும்போது கைபேசியை எடுத்து வையுங்கள் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். சரியான யோசனைதான், எடுத்து வைத்த பிறகு எதிரே இருக்கும் முகங்களில் சமைத்தவர் முகமும் இருக்க வேண்டும்.

வீட்டுச் சாப்பாட்டை நினைத்து நெகிழ்கிறவர்கள் அதைச் சமைத்தவரிடமே நேரில் சொல்லுங்கள்; உப்பு ஒரு கல் கூடியிருக்கும் நாளிலும் சொல்லுங்கள். இன்றைக்கு இரவே, பாத்திரங்களை நடுவில் வைத்து, அவருக்கும் ஒரு தட்டை எடுத்து வையுங்கள். அவர் வந்து உட்கார்ந்த பிறகு சோற்றில் கை வையுங்கள்.