திரை வந்துவிட்டது, காரணம்?

நண்பர் ஒருவர் தம் பழைய லினக்ஸ் கணினியில் புது மானிட்டரை மாட்டினார். 1920-க்கு 1080 காட்ட வேண்டிய திரை, 1024-க்கு 768-க்கு மேல் ஏறவில்லை. எழுத்தெல்லாம் தடித்து மங்கலாகத் தெரிந்தது. இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் உண்டு. சிவிடி என்ற கட்டளையால் அளவைக் கணக்கிட்டு, எக்ஸ்ரேண்டர் என்ற கருவியில் சேர்த்து, திரைக்கு ஏற்றிவிட வேண்டும். ஏற்றினார், திரை பளிச்சென்று விரிந்தது. கணினி தொடங்கும்போதே அந்த வரிகள் ஓடும்படியும் எழுதிவைத்தார். அதோடு எழுந்துவிடலாம் என்பது அவர் கட்சி. ஏன் இப்படி ஆனது என்று பார்க்காமல் எழக்கூடாது என்பது என் கட்சி.

காலையில் கொடுக்கவேண்டிய வேலை இருந்தால் முதலில் வேலையைப் பார்க்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் நாம் பெரும்பாலும் அவசரத்தால் எழுவதில்லை. தொல்லை நின்றதும் கேள்வியும் நின்றுவிடுகிறது. அழுத குழந்தை கையில் போனைக் கொடுத்ததும் அடங்கிவிடுகிறது. ஏன் அழுதது என்பது பிறகு யாருக்கும் வேண்டியிருப்பதில்லை.

உட்கார்ந்து பார்த்தோம். ஒவ்வொரு மானிட்டரும் தன்னைப்பற்றி குறைந்தது 128 பைட்டில் ஒரு குறிப்பு வைத்திருக்கும்: யார் தயாரிப்பு, என்ன அளவு, எந்தெந்தத் தெளிவில் ஓடும். ஈடிஐடி என்பார்கள். கணினிக்கு வந்த அந்தக் குறிப்பை லினக்ஸில் ஒரு கோப்பாகவே திறந்து படிக்கலாம். படித்தோம். காலி. மாட்டியிருந்தது விஜிஏ கேபிள். அதில் 1, 2, 3 ஆகிய முனைகள் நிறத்தையும், 13, 14 ஒத்திசைவையும் கொண்டுபோகின்றன. 12, 15 ஆகிய இரண்டும்தான் மானிட்டர் பேசும் வழி. மலிவான சில கேபிள்களில் அந்த இரண்டுக்கும் கம்பியே இழுத்திருக்க மாட்டார்கள். படம் வரும், மானிட்டரின் பேச்சு வராது. எதுவும் காதில் விழாத கெர்னல், அதாவது லினக்ஸின் உட்கரு, வம்பு வேண்டாமென்று 1024-க்கு 768-லேயே நின்றுகொள்கிறது. தவறான அதிர்வெண் கொடுத்தால் பழைய குழாய் மானிட்டர்கள் பழுதாகக்கூட வாய்ப்பிருந்த காலம் ஒன்று உண்டு. அதனால் இந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். நண்பரின் கட்டளைகள் இதைத்தான் ஓரமாகத் தள்ளின. நாளை வேறு மானிட்டர் வந்தாலும் அதே அளவைத்தான் திணிக்கும். வேறு கேபிள் மாட்டினோம், கோப்பு நிரம்பியது. அந்த வரிகளை அழித்தோம்.

இப்படிக் கேட்க முடிந்ததற்குக் காரணம், கேட்க இடம் திறந்திருந்தது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. என்விடியா கார்டுகளின் டிரைவர் நெடுங்காலம் மூடியே இருந்தது. அந்த டிரைவர் கார்டுக்கு என்னென்ன எழுதுகிறது என்று வெளியிலிருந்து கவனித்துக் கவனித்தே நூவோ என்ற திறந்த டிரைவரை எழுதினார்கள். 2010-ல் வெளிவந்த லினக்ஸ் கெர்னலில் அது இடம்பெற்றது. இவ்வளவு பொறுமையை வேறு எதிலும் நான் அதிகம் பார்த்ததில்லை. 2022 மே மாதம் என்விடியாவே தன் கெர்னல் பகுதியின் மூலநிரலை வெளியிட்டது. ஆனால் டூரிங் என்ற வரிசைக்கு முந்தைய கார்டுகளுக்கு அது பொருந்தாது. அந்தக் கார்டுகளை வைத்துக்கொண்டு காரணம் தேடுகிறவர்களுக்கு இன்றும் நூவோக்காரர்கள் எழுதியதுதான் துணை.