அச்சத்தின் அளவுகோல்

அனலைதீவை அடுத்துப் புளியந்தீவு என்றொரு சிறு திட்டு உண்டு. அங்கிருந்து நயினாதீவு நாகபூஷணி அம்மனை வழிபட, ஒரு நாகம் பூவை வாயில் ஏந்திக் கடல் நீந்திச் செல்லும் என்பது தீவக மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. ஒருநாள் கருடன் அதன்மீது பாய்ந்தது. நாகம் கடலிலிருந்த பாறையொன்றைச் சுற்றிக்கொண்டு நடுங்கியது. அவ்வழியே கப்பலில் வந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் கருடனிடம் அதன் உயிரை இரந்தான். 'உன் செல்வத்தையெல்லாம் அம்மனுக்குக் கொடுப்பாயா?' என்றது கருடன். வணிகன் இசைந்தான். பாம்பு சுற்றிய கல் என்றும் கருடன் கல் என்றும் இரு பாறைகளை நயினாதீவில் இன்றும் காட்டுவர்.

நம்பிக்கையை ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. நம் வினா வேறு. வீட்டுக் கோடியில் கண்டால் நாம் தடியெடுக்கும் பாம்பு, இக்கதையில் நம் இரக்கத்துக்கு உரியதாகிறது. அப்படியானால் கொடிய பிராணியின் கொடுமை என்பது அதன் பல்லில் இருக்கிறதா, பார்ப்பவன் நிற்கும் இடத்தில் இருக்கிறதா?

இவ்வினாவை ஒரு விளையாட்டும் எழுப்புகிறது. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவர். வெற்றி தோல்வியைப் பகடை தீர்மானிக்கும். குகையில் எதிர்ப்படும் பூதத்துக்கும் வலிமை, உயிர் எல்லாம் எண்களில் குறிக்கப்பட்டிருக்கும். இங்கேதான் சிக்கல். எண் தெரிந்த பூதம் வெறும் கணக்காகிவிடுகிறது. இத்தனை அடியில் வீழும் என்று தெரிந்தபின் அஞ்சுவது எவ்வாறு?

நம்மவர் தரையில் கோடு கீறி ஆடும் ஆடுபுலியாட்டத்தை எண்ணிப் பாருங்கள். புலி மூன்று, ஆடு பதினைந்து. கற்றுக்குட்டிக்கு அப்புலி பயங்கரம். தேர்ந்தவனுக்கோ சுற்றி அடைக்கவேண்டிய ஒரு கல். வெட்டுப்பட்ட ஆட்டுக்காக அழுதவரும் இல்லை. எனவே, பூதத்தின் எண்களை மறைத்துவிட்டால் அச்சம் பிறக்கும் என்று சிலர் கூறுவர். அதில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மையே.

அச்சத்தில் இருவகை உண்டு. இருட்டில் பனங்காட்டு வழியே போகும் சிறுவன் சலசலப்புக் கேட்டுப் பேயென்று நடுங்குகிறான். விளக்கை உயர்த்திக் காவோலை என்று கண்டதும் அச்சம் ஓடிவிடுகிறது. இது அறிவால் அழியும் அச்சம். மற்றொன்று, அறிவால் வளரும் அச்சம். சோளகக் காலத்துக் கடலை அறியாத விருந்தாளி அலையைப் பார்த்துச் சிரிக்கிறான். அக்கடலிலே பிழைக்கும் மீனவன்தான் தோணியைக் கரையேற்றி வைக்கிறான். தோணி போனால் குடும்பம் என்னாகும் என்பது அவனுக்குத் தெரியும். ஆக, நாம் இழக்கக்கூடிய பொருளின் அருமையே அச்சத்தின் அளவுகோல். பல மாதம் பேணி வளர்த்த பாத்திரம் மாண்டால் மீளாது என்னும்போதுதான் ஆட்டத்துப் பூதத்துக்கும் நகம் முளைக்கிறது.

இத்துடன் நிறுத்திக்கொள்ள நம் தீவக நினைவு விடுவதில்லை. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குச் சென்ற குமுதினிப் படகில், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அங்கே பகடை இல்லை. 'இப்போது உன் முறை' என்று சொல்லும் விதியும் இல்லை. வெட்டியவர்கள் பூதங்கள் அல்லர், மனிதர்கள். அவர்களைப் பூதங்கள் என்று சொல்லிவிடுவது நமக்கு எளிது. ஆனால் பூதத்தை எவரும் நீதியின் முன் நிறுத்த முடியாது. மனிதனைத்தான் நிறுத்த முடியும். இன்னொன்றையும் மறக்கலாகாது. எதிரே இருப்பவனைப் பூதமென்று மனத்தில் எழுதிக்கொண்டவனுக்கே கத்தியை ஓங்குவது எளிதாகிறது. கொலைக்கு முன்னோடியாக வருவது பெரும்பாலும் ஒரு பெயர்சூட்டு விழாதான்.

விளையாட்டைக் குற்றம் சாட்டவில்லை. அரக்கனை வீழ்த்தி மகிழ்வது கதையளவில் குற்றமன்று. ஆயினும் வெட்டுவதற்கென்றே நிறுத்தப்பட்ட எண்ணுருவை விட, பசிக்கும், அஞ்சி ஓடும், குட்டியைக் காக்கும், பேரம் பேசவும் வரும் உயிரே ஆட்டத்திலும் அதிக ஆபத்தாகத் தோன்றும். அது என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதைக் கொல்வதும் ஒரு பொறுப்பாகிவிடும். பூதத்துக்கு உயிர் கொடுத்தால் அச்சமும் கூடுகிறது, அறமும் பிழைக்கிறது. இரண்டும் பகையல்ல.

கடல்நடுவே நின்ற அந்த வணிகன், பாம்பின் நஞ்சு எவ்வளவு, கருடனின் பலம் எவ்வளவு என்று கணக்கிடவில்லை. அஞ்சும் உயிர் ஒன்றைக் கண்டான். அதைக் காக்கத் தான் எதை இழக்க வேண்டும் என்று கேட்டறிந்து, இழந்தான். கருடனை அவன் கொல்லவும் இல்லை. பூதங்களை வெல்லும் கதைகள் நம்மிடம் ஏராளம் உண்டு. இரு பக்கமும் உயிரோடு மீளும் கதை இது ஒன்றையாவது நம் குழந்தைகளுக்குச் சொல்லி வைப்போம்.