கண்ணீரும் கைத்தொண்டும்

சந்நிதியில் நிற்கும் அடியவரின் நெஞ்சம் உருகுகின்றது, கண்கள் கலங்குகின்றன. வீதிக்கு வந்ததும் அவ்வுருக்கம் ஆறிவிடலாகாது. அப்பர் சுவாமிகள் கண்ணீர் பெருகப் பாடினார். கையிலோ உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். உள்ளே ஊறிய அன்பு தொண்டாக வெளிப்பட்டது.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1624ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் திருக்கோணேஸ்வரத்தை இடித்தழித்தனர். மக்கள் அழுததோடு நின்றுவிடவில்லை. திருமேனிகள் சிலவற்றை மண்ணிற் புதைத்துக் காத்தனர். சீனன்குடாவுக்கு அணித்தாயுள்ள தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகருக்குக் கோயில் எழுந்தது. கோயிலில்லாத மலையுச்சியிலும் கற்பூரம் ஏற்றிக் கடலை நோக்கி வழிபட்டனர். 1950இல் கிணறு தோண்டியபோது திருமேனிகள் வெளிப்பட்டன. ஊர் கூடித் திருப்பணி செய்து, 1963இல் கோணேசர் ஆலயத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. 339 ஆண்டுத் துயரம் வீண்போகவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தொண்டாகவே நிலைத்தது.

திருவிழாவில் பொங்கும் பக்தியும் அவ்வாறே பயன்பட வேண்டும். திருவீதி கூட்டுதல், மாலை கட்டுதல், அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்குதல், தனித்திருக்கும் முதியவருக்கு ஒருவேளை உணவு கொடுத்தல் ஆகிய யாவும் சிவத்தொண்டே. விழா முடிந்து கொடியிறங்கிய மறுநாளும் அத்தொண்டு தொடர்வதே மெய்யன்பு.

கோணேசப் பெருமான் திருவருள் அனைவரையும் அந்நெறியில் நிறுத்துவதாக.