களைத்து வருபவனுக்கு உலை வைப்பது யார்?



நேற்றிரவு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்கப்படும் கேள்வி போல் இதை எண்ணிப் பயப்பட வேண்டாம். ஆயினும் பதிலை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வேலையால் வந்து, கைகால் கழுவி, அடுப்படியை எட்டிப் பார்த்து, "இனி ஆர் சமைக்கிறது?" என்று பெருமூச்சு விட்டு, கடையில் வாங்கிய பாணைச் சீனித் தேநீரில் தோய்த்து உண்டுவிட்டுப் படுத்தீர்களானால், உங்களைப் போல் இன்னும் எத்தனையோ வீடுகளில் அதுவே நடந்திருக்கும்.

நமது தீவுகளின் நாட்களை எண்ணிப் பாருங்கள். நெடுந்தீவில் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டால், பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு கடந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் பஸ்ஸை விட்டிறங்கி, அதன்பின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகில் போகவேண்டும். காற்றடிக்கும் காலத்தில் அந்த ஒரு மணி நேரம் மூன்று மணி நேரம் போலத் தோன்றும். மாலையில் அதே வழியே திரும்பி வரவேண்டும். ஊர்காவற்றுறையிலோ அனலைதீவிலோ தொழிலுக்குப் போகும் ஒருவர் இரவைக் கடலில் கழித்துவிட்டு விடியற்காலையில் கரை சேருகிறார். சேர்ந்ததும் படுக்க முடியாது. வலையில் சிக்கிய நண்டை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். அந்த வேலையில் அவருடைய மனைவியின் கையும் இருக்கும். பிறகு அதே கை அடுப்பையும் மூட்டவேண்டும். இப்படிப்பட்ட நாட்களில் மனிதர் எதை உண்பார்கள்? கைக்கு எட்டியதை உண்பார்கள்.

இதைக் குறித்து அறிவுரை சொல்பவர்கள் ஏராளம். "கொஞ்சம் மனம் வைத்தால் ஆகாதா? கீரை இல்லையா, மீன் இல்லையா?" என்பார்கள். வைத்தியரும் சலரோகத்தைச் சொல்லி வெருட்டுவார். ஞானோபதேச வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழில் போசனப்பிரியமும் உண்டு, சோம்பலும் உண்டு. ஆகவே பாணும் தேநீரும் உண்டு படுத்தவன் தன்னைத்தானே சோம்பேறி என்று தீர்ப்பிட்டுக்கொள்ளுகிறான். இந்தத் தீர்ப்புச் சரிதானா என்பதே இன்று நான் உங்களோடு பேச விரும்பும் விஷயம்.

சரியல்ல என்று நினைக்கிறேன். அதே ஞானோபதேசம் இன்னொன்றையும் கற்பித்தது. ஒரு செயல் சாவான பாவமாவதற்கு முழு அறிவும் முழு மனச்சம்மதமும் வேண்டும். களைத்துப்போன மனிதனிடம் முழு மனச்சம்மதம் எங்கே இருக்கிறது? மாலை ஏழு மணிக்கு அவன் தெரிந்தெடுப்பதில்லை, விழுகிறான். புனித தோமாஸ் அக்குவீனாஸ் துக்கத்துக்கு மருந்து எவை என்று ஆராய்ந்தபோது, கண்ணீர், நண்பரின் இரக்கம், மெய்ம்மையைத் தியானித்தல் ஆகியவற்றோடு நித்திரையையும் குளிப்பையும் சேர்த்துக்கொண்டார். அவ்வளவு பெரிய வேதசாஸ்திரி குளிப்பைப் பற்றி எழுதினாரா என்று சிரிக்க வேண்டாம். உடல் தளர்ந்திருக்கும்போது ஆன்மாவுக்குப் பிரசங்கம் செய்து பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எலியாஸ் இறைவாக்கினரின் கதையிலும் இதுவே இருக்கிறது. அரசிக்குப் பயந்து ஓடிய அவர் பாலைவனத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, தமக்குச் சாவு வரட்டும் என்று கேட்கிறார். வந்த சம்மனசு அவரைக் கண்டிக்கவில்லை. அவரைத் தட்டியெழுப்பி, சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் காட்டி உண்ணச் சொல்லுகிறது. உண்டபின் அவர் மறுபடியும் படுத்துவிடுகிறார். அதற்கும் கண்டனம் இல்லை. இரண்டாம் முறையும் உணவுதான் வருகிறது. இறைவன் அவரோடு பேசியது அதற்குப் பிறகு நாற்பது நாள் நடந்து மலையை அடைந்தபோது. கவனியுங்கள்: எலியாஸ் எழும்பியபோது அப்பம் ஏற்கெனவே சுடப்பட்டிருந்தது. மாவைக் காட்டிப் பிசையச் சொல்லவில்லை.

ஆகவே குற்றம் மாலை ஏழு மணியில் இல்லை. பாவத்தைப் போலவே பாவத்துக்கு ஏதுவான சமயங்களையும் விலக்கவேண்டும் என்று நமக்குச் சொல்லித் தந்தார்களே, அந்தப் புத்தியைச் சாப்பாட்டுக்கும் பொருத்திப் பாருங்கள். களைப்பு வந்தபின் யோசிப்பது பயனற்றது. களைப்பு வருமுன், உடம்பு தெம்பாயிருக்கும் வேறொரு மணியில், அந்த மாலைக்காகச் செய்து வைப்பதில்தான் நமது சுயாதீனம் இருக்கிறது.

நமது முன்னோர் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆனால் அவர்களுடைய அடுப்படி முழுவதுமே இந்த எண்ணத்தின்மேல் கட்டப்பட்டிருந்தது. பனம்பழம் விழும் காலத்தில் களியைப் பிழிந்து பாயில் ஊற்றிக் காயவைத்துப் பனாட்டு ஆக்கினார்கள். கொட்டையைப் பாத்தியில் போட்டு, சில மாதத்தின் பின் கிழங்கு கிண்டி, பச்சையாகப் பிளந்து காயவைத்தது ஒடியல், அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். புழுக்கொடியல் ஒரு துண்டும் தேங்காய்ச் சொட்டும் மடியில் இருந்தால் கடலிலே பசி தாங்கும். ஒடியல் மாவோ ஆண்டு முழுவதும் கூழுக்கும் பிட்டுக்கும் உதவும். தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை வடித்துவிட்டால் போதும். அரிசி மாவை வறுத்து அரித்துத் தகரத்தில் வைத்தார்கள். பிட்டு அவிக்க நினைத்தால் அரை மணி நேரத்தில் ஆகும். மிளகாய்த்தூளை ஒரே நாளில் வறுத்து இடித்துப் பல மாதத்துக்கு வைத்துக்கொண்டார்கள். மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், வெயிலில் உலர்த்திய கருவாடு, இரவில் தண்ணீர் ஊற்றி வைத்த பழஞ்சோறு, வேலியோரத்து முருங்கை என்று பார்த்துக்கொண்டே போகலாம். காய்கறி கூடப் படகேறி வரவேண்டிய நெடுந்தீவு போன்ற இடத்தில், கடல் கொந்தளித்துப் படகு நின்றுவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். களைத்த நாளும் படகு வராத நாள் போன்றதுதான். அது வரும் என்பது நிச்சயம். எந்த நாள் என்பது மட்டுமே தெரியாது.

இந்த இடத்தைப் பாண் பிடித்துக்கொண்டது. கோதுமை விளையாத நாட்டில் கோதுமை எப்படி அன்றாட உணவாயிற்று என்பது நீண்ட கதை. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் விடியுமுன் பாணுக்கு வரிசையில் நின்றதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1980 இல் திருகோணமலையில் பெரிய மாவாலை இயங்கத் தொடங்கியபின் கோதுமை மா எங்கும் தாராளமாகக் கிடைத்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மா தட்டுப்பட்டு, பாணின் விலை ஏறியபோது, கப்பலில் வரும் தானியத்தில் நமது இராச்சாப்பாடு தொங்கிக்கொண்டிருந்தது மறுபடியும் தெரிந்தது. பாண் ஒன்றும் விஷமல்ல. பருப்புக் கறியோடோ மீனோடோ உண்டால் அதுவும் நல்ல உணவுதான். நான் அஞ்சுவது அதனோடு வரும் தேநீரைத்தான். உலக சுகாதார ஸ்தாபனம் 2015 இல் வெளியிட்ட அறிவுரைப்படி, நாம் உணவில் சேர்க்கும் சீனி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 கிராமுக்குள் நிற்கவேண்டும். அதிலும் பாதியானால் இன்னும் நல்லது. இரண்டு கரண்டிச் சீனி போட்டு நாளுக்கு ஐந்து தேநீர் குடிப்பவர் அந்தக் கணக்கைத் தேநீரிலேயே முடித்துவிடுகிறார். களைப்புக்காகக் குடிக்கிறோம். சற்று நேரம் தெம்பு வந்தது போலிருக்கிறது. பிறகு மறுபடியும் களைக்கிறது. மறுபடியும் கேத்தில் ஏறுகிறது.

பழையது எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. கருவாட்டில் உப்பு அதிகம். நாளுக்கு 5 கிராமுக்கு உட்பட்ட உப்பே போதும் என்பது அதே ஸ்தாபனத்தின் கணக்கு. இரத்த அழுத்தமுள்ளவர் கருவாட்டைக் கறியாக்காமல் ருசிக்குத் தொட்டுக்கொள்வதே நல்லது. அதைவிடப் பெரிய ஆட்சேபம் ஒன்று உண்டு. சில வாசகிகள் இதற்குள் கோபத்தோடு பத்திரிகையை மடித்திருக்கவும் கூடும். அந்த மாவை இடித்தது யார்? ஒடியலைக் காயவைத்தது யார்? எல்லோரும் உண்டபின் சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துண்டு, தன் களைப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் படுத்தது யார்? முன்னோரின் அடுப்படி அறிவுள்ளதுதான். ஆனால் அதன் முழுச் சுமையும் ஒரே ஒருத்தியின் தோளில் இருந்தது. அதைத் தாயின் தியாகம் என்று புகழ்ந்து நமது கடமையை முடித்துக்கொண்டோம். தியாகம் ஒருவர் தாமாகக் கொடுப்பது. மற்றவர்கள் பாயில் இருந்தபடி எதிர்பார்ப்பதற்கு அந்தப் பெயரைச் சூட்டலாமா? இன்றைக்கு அவளும் கந்தோருக்குப் போகிறாள், பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், நண்டு கழற்றுகிறாள். பழைய உணவுக்குத் திரும்புங்கள் என்று அவளிடம் மட்டும் சொல்வது நீதியல்ல.

அருளப்பர் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தை நமது மீனவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஏழு பேர் இரவு முழுவதும் வலை வீசி ஒன்றும் படாமல், விடியும் வேளையில் கரையை நோக்கி வருகிறார்கள். கரையில் நிற்பவர் சொன்னபடி வலையை வீசியதும் மீன் நிரம்புகிறது. ஆனால் என் மனத்தைத் தொடுவது மீனின் தொகை அல்ல. அவர்கள் இறங்கியபோது கரையிலே கரிநெருப்பு எரிந்துகொண்டிருந்தது, அதன்மேல் மீன் இருந்தது, அப்பமும் இருந்தது. அந்த நெருப்பை மூட்டியவர் ஓர் ஆண்மகன், அவர்களுடைய ஆண்டவர். தாம் வைத்திருந்ததோடு, அவர்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். இராயப்பரிடம் மூன்று முறை கேட்ட அந்தக் கடினமான கேள்வியைச் சாப்பாடு முடியும்வரை அவர் எடுக்கவேயில்லை. வீட்டுக்குள் நுழையும்போதே கணக்குக் கேட்கும் கணவன்மாரும், பிள்ளையைக் கண்டதும் பரீட்சைப் புள்ளி கேட்கும் பெற்றோரும் இந்த ஒழுங்கைச் சற்றுக் கவனிக்கலாம்.

சரி, நாம் செய்யக்கூடியது என்ன? பெரிய சட்டங்கள் போட்டால் மூன்றாம் நாள் கைவிட்டுவிடுவோம்; தவக்காலத் தீர்மானங்கள் பலவற்றின் கதி நமக்குத் தெரியும். சிறியதாகவும், களைத்த கைக்கு எட்டுவதாகவும் இருக்கவேண்டும். காலையில் வீட்டை விட்டுப் புறப்படுமுன் ஒரு சுண்டு கடலையையோ பயறையோ தண்ணீரில் போட்டுவிட்டால், மாலையில் அது ஊறி இருக்கும். அவிப்பதும் தாளிப்பதும் சிறு வேலை. முருங்கையிலை உருவுவது சலிப்பான வேலைதான். ஆனால் முன்னிரவில் வானொலி கேட்டுக்கொண்டோ பிள்ளைகளோடு கதைத்துக்கொண்டோ அதைச் செய்யலாம். மறுநாள் வறை பத்து நிமிடத்தில் ஆகும். தேங்காய் திருவுவதற்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது; திருவலையில் ஆண்கள் இருக்கக்கூடாது என்று எந்தத் திருச்சபைச் சட்டமும் சொல்லவில்லை. சூடை போன்ற சிறுமீன் மலிவு. பதமாகச் சமைத்தால் முள்ளோடு உண்ணலாம், அந்த முள்ளில் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபின் குடும்பமாய் இருந்து மா வறுத்து வைத்தால் அந்தக் கிழமைக்குக் காணும். ஒரு வீட்டில் இவற்றில் ஒன்று பிடிபட்டாலும் போதும். பாண் நாட்களும் வரத்தான் செய்யும். வந்தால் வரட்டும், அன்றைக்கு ஒரு முட்டையை அவித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகையான களைப்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை. போரின் இடப்பெயர்வுகளுக்குப் பின் நமது தீவுகளில் எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. திறந்திருக்கும் வீடுகளில் எத்தனையில் ஒரே ஒரு முதியவர் இருக்கிறார். பிள்ளைகள் கனடாவிலோ பிரான்சிலோ சுவிற்சலாந்திலோ. காசு வருகிறது, தொலைபேசியில் முகமும் தெரிகிறது. "அம்மா சாப்பிட்டீங்களோ?" என்று பிள்ளை கேட்கும். "ஓம் ராசா, சாப்பிட்டன்" என்று அம்மா சொல்லுவா. அவ சாப்பிட்டது தேநீரும் இரண்டு விசுக்கோத்தும். கையில் காசில்லாமல் அல்ல. ஒருத்திக்கு எதற்கு உலை வைப்பது என்ற சோர்வு. எல்லோருக்கும் சமைத்த கை, தனக்கென்று சமைக்கப் பழகவில்லை. உன்னை நேசிப்பது போல் பிறரை நேசி என்ற கட்டளையின் முதற்பாதியை அவவுக்கு நாம் ஒருபோதும் சொல்லிக் கொடுக்கவில்லை. இப்போது சொன்னாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவா.

ஆகவே அவவுக்குப் போதிக்க வேண்டாம். சாப்பிட்டீர்களா என்று கேட்கவும் வேண்டாம், வரும் பதில் தெரிந்ததுதான். உங்கள் வீட்டில் கூழ் காய்ச்சும் நாளில் ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மூடி, பிள்ளையிடம் வேலிக்கு மேலால் கொடுத்துவிடுங்கள். தனியே கொடுக்காமல், முடிந்தால் பிள்ளையும் அங்கேயே இருந்து ஆச்சியோடு குடிக்கட்டும். கிண்ணம் அடுத்த நாள் திரும்பி வரும். வெறும் கிண்ணமாக வராது. இரண்டு முருங்கைக்காயோ ஒரு பனாட்டுத் துண்டோ அதற்குள் இருக்கும். அதை எடுத்துக் கொடுப்பதற்காகவாவது அன்றைக்கு ஆச்சி எழும்பி அடுப்படிக்குப் போயிருப்பா.