அக்கரையில் நின்ற தாய்

ஆடி மாதத்தில் ஒரு மாலை, அணுபுரம் குடியிருப்பில் எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து மகள் கேட்டாள்: "ஏம்மா, நான் வீட்டிலேயே பெத்துக்கிட்டா என்ன? வெளிநாட்டு ஆராய்ச்சியே தப்பில்லன்னு சொல்லுது. சாமி மேல நம்பிக்கை இருந்தா ஆஸ்பத்திரி எதுக்கு?" அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். தலைப்பிரசவம்.

ஒன்று ஆராய்ச்சியைப் பற்றிய கேள்வி, மற்றது தெய்வத்தைப் பற்றியது. இரண்டும் ஒரே கேள்விதான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நான் அணுசக்தித் துறையில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேலை பார்ப்பவள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், கதிரியக்கத் தூசி கண்ட இடத்தோடு விசாரணையை முடிக்காதே, அது எங்கே கிளம்பியது என்று தேடு என்பதுதான். அந்தக் கண்ணோடுதான் பிரசவ ஆராய்ச்சிகளைப் படித்தேன்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 2012 முதல் பிறப்புப் பதிவில் ஒரு கேள்வியைச் சேர்த்தார்கள்: வலி எடுத்தபோது எங்கே பெற்றுக்கொள்ளத் திட்டமிட்டிருந்தீர்கள்? அதற்கு முன், வீட்டில் தொடங்கிச் சிக்கலாகி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிரசவத்தில் குழந்தை இறந்தால், அந்தச் சாவு ஆஸ்பத்திரிக் கணக்கில் சேர்ந்துவிடும். திட்டத்தின்படி எண்ணி 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பத்திரிக்கு வெளியே பெறத் திட்டமிட்டவர்களிடையே பிறப்பையொட்டிய இறப்பு ஆயிரத்துக்கு 3.9, ஆஸ்பத்திரியில் பெறத் திட்டமிட்டவர்களிடையே 1.8.

மகள் சொன்ன ஆய்வு இங்கிலாந்தில் 2011-ல் வெளிவந்தது. சிக்கல் வர வாய்ப்புக் குறைவு என்று பரிசோதித்து அறிந்த 64,000-க்கும் மேற்பட்ட பெண்களை, திட்டமிட்ட இடத்தை வைத்தே எண்ணினார்கள். முன்பே பிள்ளை பெற்றவர்களுக்கு வீடானாலும் ஆஸ்பத்திரியானாலும் குழந்தைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கத்தியும் ஊசியும்கூடக் குறைவு. மகள் படித்தது அதுவரைதான். முதல் பிரசவத்தில், குழந்தையின் இறப்பும் கடுமையான பாதிப்பும் சேர்ந்து ஆஸ்பத்திரியில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. வீட்டில் தொடங்கிய முதல் பிரசவங்களில் நூற்றுக்கு 45 பேரை நடுவில் ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. முதல் பேறு வேறு என்று அறிந்துதான் நம் முன்னோர் அதற்குத் தலைப்பிரசவம் என்று தனிப்பெயர் வைத்து, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்தார்கள்.

அந்த ஆய்வில் 'வீடு' என்றால் என்ன? பயிற்சி பெற்ற மருத்துவச்சி கூடவே இருப்பார். நிலைமை மாறினால் ஆம்புலன்ஸ் வரும். 2018-ல் திருப்பூரில் ஒரு பெண் வீடியோவைப் பார்த்து வீட்டிலேயே பிரசவிக்க முயன்று உயிரிழந்தாரே, அதற்கும் நாம் வீட்டுப் பிரசவம் என்றே பெயர் சொல்கிறோம். பெயர் ஒன்று என்பதற்காக அங்கே கிடைத்த எண்ணை இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது.

இன்னொன்றும் உண்டு. இந்த ஆய்வுகளில் எண்ணப்பட்ட பெண்கள் இடத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள். சீட்டுக் குலுக்கி இடத்தை ஒதுக்க 1990-களில் பிரிட்டனில் முயன்றபோது, அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் 11 பேர்தான். ஆகவே ஆரோக்கியமும் வசதியும் உள்ளவர்கள் ஒரு பக்கம் கூடிவிட்டார்களா என்று பார்க்காமல் எந்த எண்ணையும் நம்பக்கூடாது.

எண்ணாமல் விட்ட கணக்கு எங்கள் வீட்டிலும் உண்டு. என் பாட்டி திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமம். "ஏழு பெத்தேன், அஞ்சு நின்னுச்சி" என்பாள். நின்ற ஐந்தைக் காட்டித்தான் ஊர் வீட்டுப் பிரசவத்தைப் புகழ்ந்தது. நிற்காத இரண்டுக்கும் "விதி" என்று பெயர். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் விதி என்று சொல்வது ஆறுதல். ஏன் போயிற்று என்று கேட்பவரிடம் அதையே சொன்னால் அது கணக்கை மூடிவிடுகிறது. மூடிய கணக்கிலிருந்து யாரும் எதையும் கற்கவில்லை. உண்மையை மறைக்கும் சொல்லை நான் பக்தி என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அப்படியானால் பக்தி எது? திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதையைத்தான் மகளுக்குச் சொன்னேன். வணிகர் வீட்டுப் பெண் இரத்தினாவதிக்குப் பேறுகாலம். புறப்பட்டு வந்த தாய், காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையில் நின்றுவிட்டாள். சிவன், வலியைத் தனியே பொறுத்துக்கொள் என்று அந்தப் பெண்ணுக்கு அசரீரி சொல்லவில்லை. தாயின் உருவெடுத்து வந்து, கையைப் பிடித்து, பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்த பிறகே மறைந்தார். அந்தக் கதையில் ஆபத்து, வெள்ளத்தின் வடிவில், உதவி வந்து சேர முடியாத தூரமாக இருந்தது. தெய்வம் அந்தத் தூரத்தை அழித்தது. ஆராய்ச்சிக்காரர்கள் எண்ணும் எண்களுக்கு அடியிலும் இருப்பது அந்தத் தூரம்தான்.

இந்தக் கதை ஆஸ்பத்திரியையும் விடாது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதம் சிசேரியன். அத்தனையும் தேவைதானா என்று மருத்துவமனைகள் பதில் சொல்ல வேண்டும். பெண் விரும்பும் ஒருவர் பிரசவ அறையில் உடனிருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது. தாயைக் கதவுக்கு வெளியே நிறுத்தினால், அந்தக் கதவும் ஒரு காவிரி வெள்ளம்தான்.

மகளுக்கு வரும் கார்த்திகையில் நாள் குறித்திருக்கிறார்கள். அடைமழைக் காலம். முன்கூட்டியே செங்கல்பட்டில் என் நாத்தனார் வீட்டுக்குப் போய்த் தங்குகிறோம்; ஆஸ்பத்திரி அங்கிருந்து பக்கம். பிரசவ அறையில் நான் கூடவே இருப்பேன் என்று டாக்டரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டேன். உங்கள் வீட்டுப் பெண்ணுக்காக நீங்களும் இரண்டையும் கேளுங்கள்: உதவி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, அவள் கையைப் பிடிக்க யார் இருப்பார்கள்?