இருட்டில் நடக்கும் யுத்தம்



தபசுகாலம் தொடங்கியாயிற்று. வழக்கம்போல் ஒருசந்தியையும் சுத்தபோசனத்தையும் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அவை நான் சொல்லி நீங்கள் அறியவேண்டியவையல்ல. சொல்லாமலே விட்ட காரியமொன்று பல வருஷமாய் என் நெஞ்சை உறுத்துகிறது. அது ஆறாம் கற்பனையைப் பற்றியது.

இதை வாசித்துவிட்டு, சுவாமியார் யாரையோ மனதில் வைத்து எழுதுகிறார் என்று ஒருவரும் எண்ணவேண்டாம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் சாடையாகக்கூட வெளியிடலாகாது. 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 983-ம் எண் அதைக் கண்டிப்பாய்த் தடுக்கிறது. அந்த முத்திரையை நேரடியாக உடைக்கும் குரு அக்கணமே சபைக்குப் புறம்பாகிறார். ஆகையால் எல்லாரும் கண்ணால் காண்பதையே எழுதுகிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இராச் சிப்டு முடித்து, நாலு பேர் படுக்கும் அறைக்குத் திரும்பும் வாலிபனை எண்ணிப் பாருங்கள். தாய் தகப்பன் ஊரில். கலியாணமாகியிருந்தால் பெண்சாதியும் ஊரில். கையில் செல்போன். முன்னெல்லாம் அசுத்தப் புஸ்தகம் வேண்டுமானால் கடைக்காரன் முகத்தைப் பார்த்துக் கேட்கவேண்டும்; அந்த வெட்கமே பாதிக் காவலாயிருந்தது. இன்று அது தலையணைக்கடியில் கிடக்கிறது. வாலிபன் மட்டுமா? ஆவடியில் ரயிலேறும் குடும்பஸ்தருக்கும், பூந்தமல்லி பஸ்ஸில் போகும் கல்லூரிப் பெண்ணுக்கும் அதே சோதனைதான். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2022 அக்டோபரில், உரோமையில் படிக்கும் குருக்களோடும் குருமாணவரோடும் பேசுகையில், இந்தத் துர்ப்பழக்கம் குருக்களையும் கன்னியரையும்கூடப் பற்றியிருக்கிறதென்று ஒளிக்காமல் சொன்னார். அவரே சொன்னபின் பங்குச் சுவாமியார் வாய்மூடி இருப்பது என்ன நியாயம்?

குருப்பட்டம் பெற்ற புதிதில் நான் வாய்மூடி இருக்கவில்லை; இடியாய் முழங்கினேன். நரகத்தின் நெருப்பை அளந்து காட்டினேன். அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன் வரிசை நீளுமென்று எதிர்பார்த்தேன். குறைந்துபோயிற்று. நரகத்துக்கு அஞ்சி வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். அவர்களோ என் முகத்துக்கு அஞ்சிப் போய்விட்டார்கள்.

சமாரியப் பெண்ணிடம் நம் ஆண்டவர் பேசிய விதத்தை அர்ச். அருளப்பர் எழுதியிருக்கிறார். சீஷர்கள் போஜனம் வாங்க ஊருக்குள் போயிருந்த நேரம் அது. அவளுடைய ஐந்து புருஷரைப் பற்றிய பேச்சை, கேட்க வேறொருவருமில்லாத இடத்தில் எடுத்தார். அதுவும் முதலில் அவளிடம் தண்ணீர் கேட்ட பிறகு. நான் பிரசங்கமேடையில் செய்ததை அவர் கிணற்றடியிலும் செய்யவில்லை.

சீனதேசத்து வைத்தியர் மாற்கு ஜி தியான்சியாங்கை உங்களில் அநேகர் அறிந்திருக்கமாட்டீர்கள். வயிற்று நோவுக்கு அபின் சாப்பிட்டு அதற்கே அடிமையானார். அதே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டதால், இவருக்குத் திருந்தும் பிரதிக்கினை இல்லையென்று குருவானவர் பாவப்பொறுத்தல் மறுத்தார். ஏறக்குறைய 30 வருஷம் தேவநற்கருணையின்றி இருந்தார். ஆனால் கோயிலை விடவில்லை. 1900-ல் வேதகலாபனையில் குடும்பத்தாரோடு வெட்டுண்டபோது, ஒருவரும் தனியே சாகாதபடி தம்மைக் கடைசியில் வெட்டும்படி கேட்டுக்கொண்டார். 2000 அக்டோபர் 1-ந் தேதி அவர் அர்ச்சியசிஷ்டராக உயர்த்தப்பட்டார். பழக்கத்தின் பிடி இன்னதென்று அந்தக் குருவுக்குத் தெரியவில்லை. எனக்கும் அந்நாளில் தெரியாது. தன்னை அடக்கியாளுவது நெடுநாள் வேலை, ஒருமுறை வென்றதோடு முடிவதல்ல என்று 1992-ல் வெளிவந்த கத்தோலிக்க ஞானோபதேசம் (எண் 2342) கூறுகிறது. நூறாம் தடவை விழுந்தவனும் வரலாம். வைத்தியரையோ மனநல ஆலோசகரையோ தேடுவது விசுவாசக் குறைவல்ல. புருஷனின் இரகசியத்தைக் கண்டு மனமுடைந்த ஸ்திரீயும் வரலாம்; குற்றம் அவளுடையதல்ல.

ஒன்றை மட்டும் இதோடு கலக்கவேண்டாம். பிள்ளையைத் தீண்டுவது பலவீனமல்ல, கொடுமை. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி, அதை அறிந்தவர் போலீசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். செய்தவர் சித்தப்பாவானாலும் சரி, குருவேயானாலும் சரி. குடும்ப மானம், பங்கு மானம் என்று என்னிடம் வராதீர்கள். பிள்ளைகளுக்கான உதவிக்கு 1098 என்ற எண் இருக்கிறது.

உங்கள் பங்குச் சுவாமியாரிடமே பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டுமென்ற கட்டாயம் கிடையாது. அதிகாரம் பெற்ற எந்தக் குருவிடமும் செய்யலாம். தினமும் முகம் பார்க்கும் மனிதனிடம் சொல்லக் கூசுவது இயல்புதானே. ஆகவே தபசுகாலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்ததும், உங்களை அறியாத வெளியூர்ச் சுவாமியார் ஒருவர் பக்கவாசல் அருகே தொட்டியில் இருப்பார். பழைய கம்பித்தட்டியைத் துடைத்து மறுபடி மாட்டச் சொல்லியிருக்கிறேன். அந்த விளக்கும் அணைந்தே இருக்கும். அந்நேரம் நான் நோயாளிகளைச் சந்திக்க வெளியே போயிருப்பேன். இராப் போஜனத்துக்குத்தான் திரும்புவேன்.

உங்கள் பங்குக் குரு